‘செரோட்டோனின் குறைவு’ என்றார்கள்; இப்போது ஆய்வில் சேரச் சொல்கிறார்கள்: என்ன செய்வது?

கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த, பெயர் வெளியிட விரும்பாத 34 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது:

“புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் பேருந்தில்தான் போய்வருகிறேன். போன வருடம் அரியாங்குப்பம் பாலத்துக்கு அருகே நெரிசலில் பேருந்து நின்றபோது திடீரென்று நெஞ்சு அடைத்து, கை மரத்து, உயிர் போய்விடும் போலிருந்தது. ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாமே நார்மல். மனநல மருத்துவர் ‘மூளையில் செரோட்டோனின் குறைவு’ என்று சொல்லி எஸ்சிடலோபிராம் எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு நாளில் படபடப்பு இரட்டிப்பானதால் நிறுத்திவிட்டேன். உறவினரின் மருந்துக்கடையில் வாங்கும் அல்பிரசோலம் 0.25 மாத்திரையை எட்டு மாதமாகக் காலை எட்டு மணிக்குப் போட்டுக்கொண்டுதான் பேருந்து ஏறுகிறேன். ஆனாலும் மாலையானால் கை நடுங்குகிறது. இப்போது ஒரு மருத்துவமனையில் பதற்றக் கோளாறுக்கான புதிய மருந்தின் ஆய்வில் சேர அழைத்திருக்கிறார்கள். மாத்திரை, பரிசோதனை எல்லாம் இலவசம், பயணப்படியும் உண்டு. என் மதிப்பெண் 21க்கு 16 என்றார்கள். மூளை முக்கால்வாசி பாதிக்கப்பட்டுவிட்டதா? ‘சோதனை எலியாகப் போகாதே’ என்கிறார் அம்மா. செரோட்டோனின் கதையே பொய் என்று தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான். மாத்திரையே வேண்டாம், யோகா போதும் என்கிறார் மாமியார். அடுத்த வருடம் இரண்டாவது குழந்தைக்கு எண்ணமிருக்கிறது. ஆயுள் முழுக்க மாத்திரைதானா? சில நாள் எதற்கு இந்த உயிர் என்றுகூடத் தோன்றுகிறது.”

அன்புச் சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். சலிப்பில் வந்துபோகும் எண்ணமாகவும் அது இருக்கலாம். ஆனாலும் அந்த எண்ணம் அடிக்கடி வந்தாலோ, எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போனாலோ, வேறெந்த முடிவுக்கும் காத்திராமல் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் இதை முதலில் சொல்லுங்கள். நேரம் இருந்தால் சொல்லலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்டவை. பாலத்தருகே உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக் என்று நாங்கள் சொல்லும் பீதித் தாக்கத்தின் எல்லா அடையாளங்களோடும் இருக்கிறது. அதன்பின் ‘மறுபடி வந்துவிடுமோ’ என்று நாள் முழுக்க நிற்கும் கவலைதான் இப்போது உங்களை அதிகம் வாட்டுகிறது. 16 என்ற மதிப்பெண்ணைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். அது ஏழு கேள்விகள் கொண்ட ஜி.ஏ.டி.-7 என்ற படிவம், 2006இல் வெளியானது. கடந்த இரண்டு வாரங்களில் கவலையும் எரிச்சலும் அமைதியின்மையும் எத்தனை நாள் தொந்தரவு செய்தன என்று அது கேட்கிறது, அவ்வளவுதான். 15 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான அறிகுறிகள் என்று பொருள். மூளையில் எத்தனை பங்கு கெட்டது என்பதை எந்தப் படிவமும் அளக்காது. நல்ல சிகிச்சையில் இந்த எண் சில மாதங்களில் பாதிக்கும் கீழே இறங்குவது எங்கள் ஓ.பி.யில் வழக்கமான காட்சி.

செரோட்டோனின்: மருத்துவர் சொன்னதும் தம்பி அனுப்பியதும்

செரோட்டோனின் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று. ‘செரோட்டோனின் குறைவு’ என்பது ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடத்தில் புரியவைக்க நாங்கள் பயன்படுத்திவந்த எளிய விளக்கம். இரும்புச்சத்துக் குறைவை ரத்தத்தில் பார்ப்பதுபோல இதைப் பார்க்க முடியாது. உடலிலுள்ள செரோட்டோனினில் பெரும்பங்கு, ஏறத்தாழ 90 சதவீதம், குடலில் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் நுழைவதில்லை. ஆகவே யாராவது ‘செரோட்டோனின் டெஸ்ட்’ எடுத்துப் பார்க்கலாம் என்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். மரபணுப் பரிசோதனையும் அப்படியே. செரோட்டோனினைக் கடத்தும் புரதத்துக்கான மரபணுவின் குட்டை வடிவம் பதற்றக் குணத்தோடு தொடர்புடையது என்று 1996இல் வந்த ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பின்னாளில் மனச்சோர்வு பற்றி மிகப் பெரிய எண்ணிக்கையில் ஆட்களைச் சேர்த்து ஆராய்ந்தபோது, அந்த மரபணுவைத் தனித்துக் குற்றம் சாட்ட ஆதாரம் கிடைக்கவில்லை.

தம்பி அனுப்பிய செய்தியின் மூலம் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு என்று நினைக்கிறேன். அது மனச்சோர்வைப் பற்றியது. செரோட்டோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்றது. மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்பதை அது ஆராயவே இல்லை. காரணம் பற்றிய கேள்வியும் பலன் பற்றிய கேள்வியும் வேறுவேறு. பலன் இருக்கிறதா என்பதை, மருந்தையும் போலி மாத்திரையையும் (பார்க்க மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இல்லாத மாத்திரை) சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்துக் கொடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். பதற்றக் கோளாறுகளில் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் வகை மருந்துகள் போலி மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தருவது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் பலன் தருவதில்லை என்பதும் அதே ஆய்வுகளில் தெரிந்ததுதான்.

அப்படியானால் மாத்திரை மூளையில் என்னதான் செய்கிறது? நரம்புச் சந்திப்பில் செரோட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைச் சில மணி நேரத்திலேயே தடுத்துவிடுகிறது. ஆனால் நிம்மதி அன்றைக்கே வருவதில்லை. அந்த மாற்றத்துக்கு ஏற்ப நரம்பணுக்களின் ஏற்பிகள் (வேதிச் செய்தியை வாங்கும் பகுதிகள்) தங்களைத் திருத்திக்கொள்ள வாரங்கள் ஆகின்றன. இடைப்பட்ட முதல் ஓரிரு வாரங்களில் படபடப்பு கூடுவது, தூக்கம் கெடுவது, வயிறு கலங்குவது எல்லாம் பலருக்கும் நேர்வது. பதற்ற நோயாளிகளுக்கு நாங்கள் குறைந்த அளவில் தொடங்குவது இதனால்தான்.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். நீங்கள் இணைத்திருந்த மருந்துச் சீட்டின் நகலில் 10 மி.கி. மாத்திரைக்கு எதிரே ‘½ - 7 நாள், பிறகு 1’ என்று இருக்கிறது. அந்த ½ மடிப்பில் விழுந்து பாதி அழிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே முழு மாத்திரை போட்டதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆக, உங்களுக்கு நடந்தது இரட்டிப்பு அளவில் தொடங்கி, பலன் வரும் முன்பே நிறுத்தியது. ‘எனக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடிவுகட்ட இது போதாது. உரிய அளவில் நான்கிலிருந்து ஆறு வாரம் போட்டுப் பார்த்த பிறகே அப்படிச் சொல்ல முடியும்.

அல்பிரசோலம்: என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்

ஆய்வா, வேண்டாமா என்பது உங்கள் கடிதத்தின் மையக் கேள்வி. என் மனதில் அதைவிட அவசரமானது எட்டு மாத அல்பிரசோலம். மூளையில் காபா என்ற அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் வேலையை இது கூட்டுகிறது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் பலன் தெரிவதால் மனம் அதையே நம்பத் தொடங்குகிறது. உடலும் பழகிக்கொள்கிறது. ரத்தத்தில் இதன் அளவு சராசரியாகப் பதினோரு மணி நேரத்தில் பாதியாகிறது. காலை எட்டு மணிக்குப் போடும் உங்களுக்கு மாலையில் கை நடுங்குவது, நோய் முற்றுவதாக இல்லாமல், மாத்திரை இறங்குவதன் விளைவாகவும் இருக்கலாம். இந்தச் சாத்தியத்தை உங்கள் மருத்துவர் அறிந்தால்தான் சரியாகக் கணிக்க முடியும். அவரிடம் நீங்கள் இதுவரை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதைப் படித்த வேகத்தில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் போட்டதைத் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, கடும் பதற்றம், அரிதாக வலிப்புகூட வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில், தேவைப்பட்டால் நீண்ட நேரம் நிற்கும் வேறொரு மருந்துக்கு மாற்றி, வாரங்களில், சிலருக்கு மாதங்களில், படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பு. குழந்தைக்கான எண்ணம் இருப்பதால் இந்தக் குறைப்பைக் கருத்தரிக்கும் முன்பே முடிப்பது நல்லது. பிரசவத்தை ஒட்டிய காலத்தில் தாய் இதைப் போட்டால் பிறக்கும் குழந்தைக்கு மயக்கமும், பிறகு நடுக்கமும் வர வாய்ப்புண்டு. மாறாக, செர்ட்ராலின் போன்றவற்றைக் கர்ப்ப காலத்தில் பயன்படுத்திய அனுபவம் நிறையவே இருக்கிறது. எதைத் தொடர்வது என்பதை மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து உங்களோடு பேசி முடிவெடுக்கலாம்.

உங்கள் உறவினர் அன்பினால்தான் கொடுக்கிறார். ஆனால் அல்பிரசோலம் ஹெச்1 பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் நோயாளி, மருத்துவர் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அவருடைய உரிமத்துக்கே சிக்கல் வரலாம் என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஆய்வில் சேரலாமா?

அம்மாவின் பயத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் ‘சோதனை எலி’ என்ற பேச்சு இன்றைய சட்டத்துக்குப் பொருந்தாது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் உங்களுக்குத் தெளிவான உரிமைகளைத் தருகின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஆய்வைத் தொடங்க முடியாது. இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேட்டில் அது பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு நீங்களே இணையத்தில் பார்க்கலாம். உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவமும் தகவல் தாளும் தர வேண்டும், கையெழுத்திட்ட பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமலே விலகலாம், அதனால் உங்களுக்குக் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. ஆய்வினால் உடல்நலக் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. நிலையான சிகிச்சை இருந்தும் அதை நிறுத்திவைத்துப் போலி மாத்திரை கொடுத்ததால் வந்த கேட்டுக்கும் இது பொருந்தும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோய் தொடர்பான ஆராய்ச்சிக்குச் சுதந்திரமான ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது.

உங்கள் எண்ணத்தில் நான் திருத்த விரும்புவது வேறொன்று. ‘புதிய மருந்து, இலவசம், பெரிய டாக்டர்கள் பார்ப்பார்கள், இதைவிட நல்ல சிகிச்சை கிடைக்குமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். சிகிச்சை உங்களுக்காகத் தீட்டப்படுவது. உங்கள் உடலைப் பார்த்து அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், மாற்றலாம். ஆய்வோ ஒரு கேள்விக்கு விடை தேடுவது. அங்கே அளவும் நாளும் யாருக்கு எது என்பதும் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. உங்களுக்கு எது கிடைக்கிறது என்பது உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. நீங்கள் அனுப்பிய தாளின்படி எட்டு வாரமும் போலி மாத்திரை கிடைக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. புதியது என்பதால் மேலானது என்றும் இல்லை. மன அழுத்த ஹார்மோனைத் தூண்டும் சி.ஆர்.எஃப். என்ற பொருளைத் தடுத்தால் பதற்றம் அடங்கும் என்று விலங்குகளில் நல்ல அறிகுறிகள் தெரிந்தன. பெக்ஸாசெர்ஃபாண்ட் என்ற அந்த வகை மருந்தைப் பொதுப் பதற்றக் கோளாறு உள்ளவர்களிடம் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டபோது, அது போலி மாத்திரையை மிஞ்சவில்லை. அதே ஆய்வில் ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்பட்டு, போலி மாத்திரையை மிஞ்சிய மருந்து எது தெரியுமா? நீங்கள் பன்னிரண்டு நாளில் நிறுத்திய எஸ்சிடலோபிராம்.

இப்படி ஒரு விடை கிடைத்ததே, சேர்ந்து ஒத்துழைத்த நோயாளிகளால்தான். அவர்கள் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. நம் ஊர் மக்களும் ஆய்வுகளில் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறவன் நான். ஆனால் உங்கள் இன்றைய நிலைக்கு மூன்று தடைகள் தெரிகின்றன. ஒன்று, அல்பிரசோலம் போடுபவர்களைப் பெரும்பாலான பதற்ற ஆய்வுகள் சேர்ப்பதில்லை, அல்லது முன்பே நிறுத்தச் சொல்கின்றன. சேர வேண்டும் என்பதற்காக அதை மறைத்தாலோ, அவசரமாக நிறுத்தினாலோ ஆபத்து உங்களுக்குத்தான். இரண்டு, புதிய மருந்து ஆய்வுகளில் கர்ப்பம் தரிக்காமலிருக்க உறுதி கேட்பார்கள். மூன்று, நிலையான சிகிச்சையை நீங்கள் இன்னும் முறையாகப் பெறவே இல்லை. முறையாக ஒன்றிரண்டு மருந்துகளும் உளவியல் சிகிச்சையும் பார்த்தும் பலனில்லாதவருக்கு ஆய்வு ஒரு நியாயமான வழி. உங்கள் நிலை அதுவல்ல என்பது என் கருத்து.

முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பது

ஆய்வுகள் பெரும்பாலும் 1959இல் வந்த ஹாமில்டன் பதற்ற அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. பதினான்கு கூறுகள், மொத்தம் 56 மதிப்பெண். தொடக்க மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் ‘பலன் கிடைத்தது’ என்று கணக்கில் எழுதுவார்கள். 28லிருந்து 14க்கு இறங்கியவர் அந்தக் கணக்கில் வெற்றி. ஆனால் அவர் இன்னும் பேருந்து ஏறாமல் வீட்டிலேயே இருக்கலாம். எந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேட்டாலும் நீங்கள் உங்கள் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: மாத்திரைப் பட்டை பையில் இல்லாமல், ஜன்னலோர இருக்கையில், அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிப் போய்வர என்னால் முடிகிறதா? எங்களுக்கும் அதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு நேரடியாக வேலை செய்வது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற உளவியல் சிகிச்சை. இப்போது நீங்கள் எப்போதும் இறங்கும் படிக்கட்டை ஒட்டிய இருக்கையில், கைப்பையின் ஜிப்பைத் திறந்தே வைத்து, மாத்திரையைத் தொட்டுப் பார்த்தபடி பயணம் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு பயணமும் நல்லபடியாக முடிந்தாலும், ‘மாத்திரை இருந்ததால் தப்பித்தேன்’ என்றுதான் மூளை கற்றுக்கொள்கிறது. சிகிச்சையாளர் இதைப் படிப்படியாகக் கழற்றுவார். முதலில் ரெட்டிச்சாவடி வரை, பிறகு கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று தூரம் கூடும். அதற்கு முன்பே அறையில் ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடச் சொல்லி, நாற்காலியில் சுற்றச் சொல்லி, மூச்சிரைப்பையும் தலைச்சுற்றலையும் வேண்டுமென்றே வரவழைப்பார். நெஞ்சு அடித்துக்கொள்வது ஆபத்தின் அறிகுறி அல்ல என்பதை உடலே தெரிந்துகொள்ளும் வரை இது தொடரும்.

பீதிக் கோளாறு உள்ள 312 பேரை வைத்து 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இந்தச் சிகிச்சையும் இமிப்ரமின் மருந்தும் இரண்டும் சேர்ந்ததும் பலன் தந்தன. ஆனால் எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு நன்றாகத் தாக்குப்பிடித்தவர்கள், மருந்தில்லாமல் உளவியல் சிகிச்சை பெற்றவர்கள். சிறுவர் பதற்றக் கோளாறு பற்றி 2008இல் வந்த ஆய்விலோ 488 பேரில், இரண்டும் சேர்ந்து பெற்றவர்களில் 80.7 சதவீதம் நன்கு தேறினர். உளவியல் சிகிச்சை மட்டும் 59.7, செர்ட்ராலின் மட்டும் 54.9, போலி மாத்திரை 23.7. வயதும் நோயும் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. உங்கள் அறிகுறிகள் கடுமையாக இருப்பதாலும், அல்பிரசோலத்தைக் குறைக்க வேண்டியிருப்பதாலும், இரண்டையும் சேர்த்தே தொடங்குவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

மாமியார் சொல்லும் யோகாவை மறுக்கவில்லை. பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 226 பேரிடம் குண்டலினி யோகா பற்றி 2020இல் வெளியான ஆய்வில், யோகா செய்தவர்களில் 54.2 சதவீதம் பேர் தேறினர். மன அழுத்தம் பற்றிய வகுப்பு மட்டும் பெற்றவர்களில் 33 சதவீதம். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் 70.8. துணையாக வைத்துக்கொள்ளுங்கள், மாற்றாக வேண்டாம்.

ஆயுள் முழுக்க மாத்திரையா என்றால், இல்லை. நன்றாகத் தேறிய பிறகு குறைந்தது ஓராண்டாவது தொடர்ந்துவிட்டு மெல்லக் குறைப்பதே வழக்கம். 28 ஆய்வுகளில் 5,233 பேரைத் தொகுத்து 2017இல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 16.4 சதவீதத்தினருக்கும், போலி மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 36.4 சதவீதத்தினருக்கும், ஓராண்டு வரையிலான காலத்தில் நோய் திரும்பியது. நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது என்று அதைப் படிக்கலாம். நிறுத்தியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்தக் காலத்தில் திரும்பவில்லை என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மை.

அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைக்கும் கடமையை மருத்துவர்கள் மேல் சுமத்துகிறது. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி உடல்நோய்க்கு இணையாகவே மனநோய்க்கும் காப்பீட்டு நிறுவனங்கள் வசதி செய்ய வேண்டும்.

உங்கள் முதல் மருத்துவரிடமே திரும்பப் போவது எளிது. அவர்மேல் மனம் ஒட்டவில்லை என்றால் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது மடிப்பு விழுந்த அந்தச் சீட்டு, அல்பிரசோலம் பட்டை, ஆய்வுத் தகவல் தாள் மூன்றையும் கொண்டுபோங்கள். எட்டு மாதத்தில் அதிகபட்சம் எத்தனை மாத்திரை ஒரு நாளில் போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆய்வுக் குழுவுக்குப் பதில் சொல்ல அவர்கள் தந்த கெடு அடுத்த வாரம் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ‘என் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று தொலைபேசியில் சொன்னால் போதும். அதற்கு அவகாசம் தர மறுத்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே கையெழுத்திடாதீர்கள்.